ஒன்றரை மணி நேர கோவா

கையில் வந்த கப்பல் பயணத் தாளில் ஒரே வரிதான்: கோவா, வருகை காலை 8, புறப்பாடு மாலை 5. அந்த ஒரு வரியை நம்பி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கோவாவைக் கட்டி முடித்துவிட்டார்கள். அத்தைக்கு மங்கேஷி கோயில் பார்க்கவேண்டும். லதா மங்கேஷ்கர் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த ஊரால்தான் என்று பக்கத்து வீட்டுக் காக்கூ சொல்லி ஏற்றிவிட்டிருந்தார். திருச்சியிலிருந்து வந்த நாத்தனாருக்குக் கலங்கூட் கடற்கரையும் நல்ல முந்திரிப்பருப்புக் கடையும். நாத்தனார் வீட்டுக்காரருக்குப் பழைய கோவாவின் மாதா கோயில்கள், கூடவே வாய்விட்டுச் சொல்லாத ஒரு பாட்டில் ஃபெனி. என் மகளுக்குப் படம் எடுக்க பணஜியில் மஞ்சளும் நீலமுமாகச் சுவர் வைத்த பழைய போர்ச்சுகீசியத் தெரு. என் கணவர் மட்டும், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, நீங்க எங்க போறீங்களோ அங்க வரேன்" என்றார். ஐந்து பேர் ஆசையில் ஆபத்தானது அதுதான். ஒன்றும் வேண்டாதவர்தான் திரும்பும் வழியில், "இதுக்குப் பதிலா அங்க போயிருக்கலாமே" என்று முதலில் ஆரம்பிப்பார்.

இத்தனையும் ஒரே நாளில் எப்படி என்று கேட்டேன். "அதான் நீ பிளான் போடறியே" என்றார்கள்.

கப்பல்காரர்களே கரைச் சுற்றுலா விற்கிறார்கள். ஏசி பஸ், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஆளுக்கு இத்தனை ஆயிரம். அந்தத் தொகையைப் பார்த்ததும் அண்ணா, அதாவது நாத்தனார் வீட்டுக்காரர், சிரித்தேவிட்டார். "ஆறு பேருக்கு இவ்ளோ காசா? ஒரு வண்டி பிடிச்சா இதுல பாதிகூட ஆகாது. நாமளே போய்க்கலாம்மா, ரொம்ப ஈஸி." போவது ஆறு பேர். அதற்காக ராத்திரி உட்கார்ந்து தூரம், நேரம், கோயில் நடை, வண்டி வாடகை என்று தேடுவது ஒருத்தி. அந்தத் தூக்கத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. அதனால்தான் தனியாகப் போவது மலிவு.

சரி, அந்த ஒன்பது மணி நேரத்துக்கு வருவோம். எட்டு மணிக்குக் கப்பல் கரையில் கட்டப்படுகிறது, அவ்வளவுதான்; நாம் கால் வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. துறைமுக அனுமதி வரவேண்டும். வந்தபிறகு, கப்பலிடமே சுற்றுலாச் சீட்டு வாங்கியவர்களைச் சட்டையில் எண் ஒட்டிக் கூட்டம் கூட்டமாக முதலில் இறக்குவார்கள். தன்னிஷ்டத்துக்குப் போகிறவர்கள் கடைசியில். கோவாவில் கப்பல் நிற்கிற மர்மகோவாவோ நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏறி இறங்குகிற சரக்குத் துறைமுகம். அதற்குள் காலாற நடக்க முடியாது, வெளி வாசல்வரை பஸ்ஸில்தான் கொண்டுபோய் விடுவார்கள். வாசலில் வண்டி பேசி ஏறும்போது மணி பத்தேகால் ஆகியிருக்கும். மாலைக் கணக்கு இதைவிட மோசம். ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலில் நாலு மணிக்கே எல்லோரும் ஏறியிருக்கவேண்டும். வாசல் சோதனை, உள்ளே பஸ், பை ஸ்கேன் செய்யும் வரிசை எல்லாம் தாண்ட முக்கால் மணி. துறைமுகத்தை ஒட்டிய வாஸ்கோ பக்கம் லாரிகள் மறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் கையிருப்பு. ஆக, நம் கையில் இருப்பது பத்தேகாலில் தொடங்கி இரண்டேகாலில் முடிகிற நாலு மணி நேரம். பழைய கோவா அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு. மங்கேஷி அதற்கும் அப்பால். போக, நடுவில் மாற, திரும்பி வர என்று இரண்டரை மணி நேரம் சாலையிலேயே போய்விடும். மிச்சம் ஒன்றரை மணி. ஐந்து ஆசைகளையும் இதற்குள்தான் அடைக்கவேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி, சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினேன். நாத்தனார் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் முந்திரிக் கணக்கு எழுதினார். அவர் மாமியார் வீட்டுக்கு ஒரு கிலோ, ஆபீசுக்கு ஒரு கிலோ.

எனக்கு இந்த வேலை புதிதல்ல. புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் குடியிருப்பவர்களுக்கு அரைநாள் சுற்றுலா ஏற்பாடு செய்வது பிறவிக் கடமை. புனேயில் ரயில் மாறுகிறவர்கள், மாநாட்டுக்கு வந்தவர்கள், மகனை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்க வந்தவர்கள் எல்லோரும் காலையில் போன் செய்வார்கள். "ஒரு அரைநாள் இருக்கு. உங்க டேம், சிங்ககட் கோட்டை, என்.டி.ஏ., சனிவார் வாடா, தகடூசேட் பிள்ளையார், கொஞ்சம் பாக்கர்வடி. முடியுமா?" முத்தா ஆற்றின் மேல் 1879இல் கட்டி முடித்த அணை எங்கேயும் ஓடிவிடாது, அதைக் காட்டிவிடலாம். 1961 ஜூலை 12ஆம் தேதி மேலே பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் இந்த அணையும் உடைந்து, புனே மூழ்கிய கதையையும் வண்டிக்குள்ளேயே சொல்லிவிடலாம். ஆனால் என்.டி.ஏ. என்ன பூங்காவா? நேரு 1949இல் அடிக்கல் நாட்ட, 1955 ஜனவரியில் திறக்கப்பட்ட ராணுவப் பயிற்சிக்கூடம். முன்அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டமுடியாது. அதைச் சொன்னால், "உங்க ஊர்ல இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?" என்பார்கள். பாக்கர்வடி வாங்கப் போகும் நேரம் பார்த்துப் பேட்டையில் பாதிக் கடைகள் மதியத் தூக்கத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து நாலுவரை அந்த ஊர்க் கடைக்காரர் பலருக்கு வாடிக்கையாளரைவிடத் தலையணைதான் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் விசேஷம். மழை நாலு தூறல் போட்டுவிட்டால் போதும், புனே மொத்தமும் அணை ஓரம் வந்து நிற்கும். சுட்ட மக்காச்சோளம், காந்தா பஜ்ஜி, மேலே கோட்டையில் பிட்லா பாக்ரி. கார்களைச் சாலையிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாங்கள் பால் வாங்கக்கூட வெளியே போகமுடியாது. வருகிறவர்களுக்கு மூன்று மணி நேர சந்தோஷம், எங்களுக்கு ஒரு ஞாயிறு போச்சு. ஆகையால் வாஸ்கோவில் வண்டிக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பார்வையை நானே பல ஞாயிறுகளில் பார்த்திருக்கிறேன்.

கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1916இல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கேதான் வேலை. பெரிய கொட்டகைகளுக்குள் ஒரு துறைமுகத்தையே சிறியதாகக் கட்டி, இயந்திரத்தால் அலை எழுப்பி, கப்பல் நிற்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆடும், வண்டல் எங்கே போய்ச் சேரும் என்று பார்ப்பார்கள். இந்தியாவின் பெரிய துறைமுகங்கள் பலவும் அந்தக் கொட்டகைகளைப் பார்த்தவைதான். மர்மகோவாவின் அலைத்தடுப்புச் சுவரைப் பற்றி இவரைக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார். துறைமுக வாசலில் ஆறு பேர் ஏறுகிற வண்டி கிடைக்குமா என்று கேட்டால், "அது எங்க டிவிஷன்ல வராது."

வண்டி விஷயம் பெரிய தலைவலி. ஓலா, ஊபர் என்று கைப்பேசியைத் தட்டிப் பழகிய புனேக்காரர்களுக்குக் கோவா வேறு நாடு. அந்த நிறுவனங்களை உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் உள்ளே விடவில்லை. 2018இல் அரசின் ஆதரவோடு வந்த கோவாமைல்ஸ் செயலியையும் விடாமல் எதிர்க்கிறார்கள். சில மாத சீசனில் வருஷத்துக்கான சோற்றைச் சம்பாதிக்கவேண்டும், வண்டிக் கடன் கட்டவேண்டும் என்கிறார்கள். நியாயம் இருக்கலாம். நாலு மணி நேரத்தில் ஒன்றை அந்த வாசலிலேயே செலவழித்து அதைக் கேட்கத்தான் முடியாது. முன்கூட்டியே பேசி வைக்கலாமென்றால், கப்பல் எத்தனை மணிக்கு நம்மை இறக்கும் என்று கப்பலுக்கே தெரியாதபோது வண்டிக்காரரை எத்தனை மணிக்கு வரச் சொல்வது? காத்திருப்புக் கட்டணம் நம் தலையில்.

எனக்குச் சரியென்று பட்ட திட்டம் ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே போக்மாலோ கடற்கரை, அதை ஒட்டி கடற்படை விமான அருங்காட்சியகம். காலாற நடந்து, கடலில் கால் நனைத்து, பழைய விமானங்களைப் பார்த்து, மீன் சாப்பிட்டு, பதற்றமில்லாமல் திரும்பலாம். தெருவில் தினமும் கேடட் பையன்களைப் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையும்கூட. சொல்லி முடிப்பதற்குள், "மியூசியம் பார்க்கவா அண்ணி இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று நாத்தனார் முடித்துவைத்தார்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி பெண், "பினாங்குல நாங்க இறங்கி நடந்தே சுத்திட்டு வந்தோமே அக்கா, நீங்க ஏன் இப்படி டென்ஷன் ஆகறீங்க?" என்றாள். அவள் ஏன் டென்ஷன் ஆகப்போகிறாள்? பினாங்கில் கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் மடியிலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டிப் பொடிநடையாகப் போனால் லிட்டில் இந்தியா, 1833இலிருந்து நிற்கும் குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், வாழையிலைச் சாப்பாடு. அங்கே துறையிலிருந்துதான் ஊரே வளர்ந்தது. மர்மகோவா அப்படியில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் போர்ச்சுகீசியர்களே தலைநகரை அந்த முனைக்கு மாற்ற முயன்று, கட்டடமெல்லாம் ஆரம்பித்து, கடைசியில் கைவிட்டார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் மாண்டவி ஆற்றங்கரையில் இருக்க, நம்மை ஜுவாரி முகத்துவாரத்தில் சரக்கோடு சரக்காக இறக்கிவிட்டு, தாளில் மட்டும் கோவா என்று போட்டுவிடுகிறார்கள். துறைமுகத்திலிருந்து ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று இன்னொரு வரி சேர்த்து அச்சடித்தால் மை தீர்ந்தா போய்விடும்?

அந்த ஒரு வரிகூட உறுதி இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று அறிவித்துக் கிளம்பிய சொகுசுக் கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. சூதாட்டம் அது இது என்று ஊரில் எதிர்ப்பு. கப்பல் பயணிகளைக் கரையில் இறக்காமலே போனது. அதில் எந்த வீட்டு அண்ணியோ மணக்குள விநாயகர் கோயிலுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நிமிஷக் கணக்கில் திட்டம் போட்டு வைத்திருப்பார். அவரை நினைத்தால் எனக்குத் தொண்டையை அடைக்கிறது.

கோவாவில் கடைசியில் பழைய கோவாவும் மங்கேஷியும்தான் தேறின. கலங்கூட் ஆற்றுக்கு அந்தப்பக்கம், வடக்கே. வரைபடத்தை விரித்துக் காட்டியும் நாத்தனார் நம்பவில்லை. பாம் ஜீசஸ் பசிலிக்காவில் சவேரியாருக்கு அரை மணி ஒதுக்கியிருந்தேன். நம் முத்துக்குளித்துறைக் கரையெல்லாம் நடந்தே திரிந்த மனிதர்; 1605இல் அர்ச்சித்த கோயிலில் வெள்ளிப் பேழைக்குள் உயரத்தில் இருக்கிறார். அண்ணா கண் கலங்கி நின்றுகொண்டிருக்கும்போது, "அண்ணா, பதினொண்ணே முக்கால்" என்று காதோரம் சொல்கிற பாவத்தை யார் செய்வது? நான்தான் செய்தேன். மங்கேஷியில் விளக்குத் தூணைப் பார்த்து அத்தை, "இன்னொரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றபோதும் நான்தான். ஊர் சுற்ற வந்த அத்தனை பேருக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் கைக்கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கலங்கூட் போகாத கோபத்தை நாத்தனார் முந்திரிக் கடையில் தீர்த்துக்கொண்டார். உப்பு போட்டது, மிளகு போட்டது, தோலோடு வறுத்தது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கடித்துப் பார்த்து, பேரம் பேசி, பில் போட்டு முடிக்கும்போது நான் வைத்திருந்த ஒரு மணி நேரக் கையிருப்பு காலி. வாஸ்கோவுக்குள் நுழையும் இடத்தில், நான் பயந்த மாதிரியே, லாரிகள். வண்டிக்குள் யாரும் பேசவில்லை. கப்பலைக் கோட்டைவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ப் பிடிக்கவேண்டும் என்று முதல்நாளே நான் சொன்னதை அப்போதுதான் எல்லோரும் ஒன்றாக நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எப்படியோ வந்து சேர்ந்தோம். பை சோதனையில் ஃபெனி பாட்டில் மாட்டியது. வெளி மது உள்ளே கூடாது, கடைசி நாள் திருப்பித் தருவோம் என்று சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அண்ணா என்னைப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." ஃபெனி வாங்கப்போகிறேன் என்று அவர் முன்னாடி சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

மூச்சு வாங்க மேல்தளத்தில் போய் நின்றோம். மணி நாலைத் தாண்டியிருந்தது. அப்போது கப்பல் ஏற்பாட்டில் போன பஸ் ஒன்று ஆடி அசைந்து வந்து நின்றது. தாமதம். அதிலிருந்து தொப்பி போட்டவர்கள் ஐஸ்கிரீம் கையோடு மெதுவாக இறங்கினார்கள். அவர்களுக்காகக் கப்பல் நின்றது. நிற்கும், அது அவர்கள் விற்ற சீட்டு. நாங்கள் ஐந்து நிமிஷம் தவறியிருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஆயிரங்களில் ஏசிக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதி எதற்கு என்று எனக்கு அப்போது தெரிந்தது. "பாருங்க, அவங்க நிதானமா வராங்க" என்று நாத்தனார் சொன்னார். குற்றம்சாட்டும் குரலில்தான்.

அடுத்து கப்பல் நின்ற கொச்சியை நான் அதிகம் நம்பியிருந்தேன். ராபர்ட் பிரிஸ்டோ தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய வில்லிங்டன் தீவில் இறங்கினால் எதிர்க்கரையில் ஃபோர்ட் கொச்சி. சாலையில் சுற்றிப் போவதைவிட ஜெட்டியிலிருந்து படகில் சில்லறைக் காசில் போய்விடலாம், காற்றும் வரும். அதெல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை, மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. இதைப் பயணத்துக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மறுநாளாக இருந்தால் அரண்மனை திறந்திருக்கும், பக்கத்து யூதர் ஜெப ஆலயம் ஓய்வுநாளென்று மூடியிருக்கும். ஆனாலும் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அண்ணா என்னைத்தான் பார்த்தார், சாவி என் இடுப்பில் இருப்பது மாதிரி. அத்தைக்குக் கோயில். கேரளத்தில் பல கோயில்களில் பதினொரு மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி மாலையில்தான். கப்பல் நம்மை விடுவது சாமி தூங்கப்போகும் நேரம், திரும்ப அழைத்துக்கொள்வது சாமி எழுந்திருக்கும் நேரம். இந்தக் கப்பல் அட்டவணைகளை எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது மாமியாரோடு பயணம் செய்திருக்கவேண்டும். போதாததற்கு, நாங்கள் பிடித்த ஆட்டோக்காரர் சீன வலைகளைக் காட்டிய கையோடு மசாலாக் கடை ஒன்றின் வாசலில் நிறுத்தி, "சும்மா அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு வாங்க, எனக்குக் கூப்பன் கிடைக்கும்" என்றார். நாத்தனார் பாதி இறங்கிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் அன்று இரவுச் சாப்பாட்டில் என்னோடு பேசவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு எல்லோரும் படங்களைப் போட்டுப் பார்த்தோம். பசிலிக்கா, விளக்குத் தூண், சீன வலை, கடல், முந்திரி. எல்லாப் படத்திலும் சிரிப்பு. ஒன்றிலும் நான் இல்லை. பாதியை எடுத்தது நான், மீதி நேரம் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன். அண்ணா திருச்சிக்குப் போன் போட்டு, அவர் ஆபீஸ் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த நண்பர் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போக நினைக்கிறாராம். 2023 ஜூனில் காங்கேசன்துறைக்குக் கூட ஒரு கப்பல் போய் வந்ததே, அந்த மாதிரி மறுபடி விட்டால் கீரிமலை, நல்லூர், யாழ்ப்பாணம் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார்.

"தாராளமா. கப்பல்ல விக்கிற டூரெல்லாம் எடுக்காதீங்க சார், கொள்ளை. நாமளே போய்க்கலாம், ரொம்ப ஈஸி" என்றார் அண்ணா. அப்புறம் என் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னார்.